ஊசிப்போனதா, இல்லையா? - பழைய சோறும் மூக்கின் தீர்ப்பும்

மதுரைப் பக்கத்து அடுக்களைகளில் "ஊசிப்போச்சு" என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சட்டியில் இருப்பது எத்தனை ஆசையாகச் சமைத்ததாக இருந்தாலும் கொட்டத்தான் வேண்டும். இந்தத் தீர்ப்பைச் சொல்ல ஆய்வுக்கூடமும் இல்லை, கருவியும் இல்லை. மூக்கு மோந்து பார்க்கும், விரல் தொட்டுப் பார்க்கும், நாக்கு நுனி ருசி பார்க்கும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன் எத்தனையோ தலைமுறைகள் இந்த மூன்றையும் நம்பித்தான் பிழைத்தன. அந்தத் தீர்ப்பு எதுவரை சரி? எங்கே தவறியது?

தூங்கா நகரம்

சித்திரை வெயிலில் மதுரையின் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும். இப்படிப்பட்ட ஊரில் உணவைக் காப்பாற்ற மிக எளிய வழி, சமைத்த சூட்டிலேயே தின்று தீர்ப்பது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெருவான நாளங்காடியும் இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியும் வருகின்றன. இன்றும் நள்ளிரவில் இட்லிப் பானையில் ஆவி பறக்கும் ஊர் அது. ஆவி பறக்கும் இட்லியை யாரும் மோந்து பார்த்து வாங்குவதில்லை!

ஆனால் சுற்றியுள்ள கிராமங்களில் கதை வேறு. விடியும் முன் வயலுக்குப் போகிறவர்களுக்குக் காலையில் அடுப்பு மூட்ட நேரமும் இல்லை, விறகும் இல்லை. அவர்களுக்கு இருந்தது பழைய சோறு.

பானைக்குள் நடப்பது

இரவு மீந்த சோறு ஆறியதும் மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். இரவு முழுவதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும். தண்ணீர் புளிக்கப் புளிக்க, கெடுதல் செய்யும் பல கிருமிகளால் அதில் வளர முடியாமல் போகும். காலையில் மேலே நிற்கும் நீச்சத்தண்ணியை உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, சோற்றைச் சின்ன வெங்காயத்தோடு பிசைந்து சாப்பிடுவார்கள். கிருமி என்ற சொல்லே தெரியாத காலத்தில், ஒரு கிருமியை வைத்து இன்னொரு கிருமியை விரட்டியிருக்கிறார்கள்.

மற்ற வழிகளும் இதே போலத்தான். கட்டுச்சோற்றுக்குப் புளியோதரை கட்டியது புளியின் அமிலத்தை நம்பி. மிஞ்சிய ஆட்டுக்கறியை உப்புக்கண்டம் போட்டது, உப்பும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. மீந்த குழம்புகளை மறுநாள் ஒன்றாகக் கொதிக்கவிட்டுச் சுண்ட வைத்தால் அது சுண்டக்குழம்பு.

தேரையரின் எச்சரிக்கை

இதற்கு நேர் எதிராக ஒரு குரலும் உண்டு. சித்த மருத்துவர் தேரையர் பெயரால் வழங்கும் 'பிணியணுகா விதி', முதல் நாள் சமைத்த கறியை, அது எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், மறுநாள் தொடக்கூடாது என்கிறது. அப்படியானால் பழைய சோறு சாப்பிட்டவர்கள் செய்தது தவறா?

கூர்ந்து பார்த்தால் பெரிய முரண்பாடு இல்லை. தண்ணீரில் கிடக்கும் சோறு புளித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. சட்டியில் மூடிக் கிடக்கும் கறிக்கு அந்தக் காவல் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மீந்ததைத் தொடாமல் இருக்க, தினமும் புதிதாகச் சமைக்கும் வசதி வேண்டுமே! அந்த வசதி கூலி வேலை செய்தவர்களுக்கு இல்லை. பல இடங்களில் பெரிய வீடுகளில் மிஞ்சிய பழையதே அவர்களுக்குக் கூலியோடு கிடைத்த உணவாகவும் இருந்தது. எது கெட்டது என்று முடிவு செய்வதில் மூக்குக்கு மட்டுமல்ல, பசிக்கும் பங்கு இருந்தது.

மூக்கு தோற்கும் இடம்

கெட்ட வாடை, கொழகொழப்பு, நூல் விடுதல் எல்லாம் உணவை அழுகச் செய்யும் கிருமிகளின் வேலை. இவற்றை மூக்கும் விரலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் நோய் தரும் கிருமிகள் பல, வாடையே இல்லாமல் இருக்கும். காலரா கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தது 1884ல். அதற்கு முன்பு, நீச்சத்தண்ணியில் ஊற்றிய கிணற்று நீரே கொல்லக்கூடும் என்று எந்த அடுக்களைக்குத் தெரிந்திருக்கும்?

சோற்றிலேயே இன்னொரு ஆபத்தும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வடித்த சோறு தண்ணீர் ஊற்றாமல் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்ற நம்பிக்கை உடையும் இடம் இது.

ஐஸும் மின்வெட்டும்

அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கச் சென்னையில் 1842ல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அந்தக் குளிர்ச்சி மதுரைக் குடியானவன் வீட்டுக்கு எட்டவில்லை. ஃப்ரிட்ஜ் பரவலாக வந்தது பல தலைமுறைகள் கழித்து. அதுவும் 2012ல் பல மணி நேர மின்வெட்டு வந்தபோது வெறும் அலமாரியாக நின்றது. மூடிய ஃப்ரிட்ஜ் மின்சாரம் இல்லாமல் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். மறுபடியும் மூக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இன்றைய அறிவியல் நேரத்தையும் வெப்பத்தையும் பார்க்கச் சொல்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. மதுரை வெயிலில் 1 மணி நேரமே அதிகம். வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். வாடை வரவில்லை என்பதற்காக நல்லது என்று நம்பிவிடவும் கூடாது.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் சுடச்சுட உணவு. பழையதை விரும்பிச் சாப்பிடுவது வேறு, வேறு வழியில்லாமல் சாப்பிடுவது வேறு. அந்தப் பிள்ளைகள் தட்டை மோந்து பார்க்க வேண்டியதில்லை.