கிரிக்கெட் சபைத் தலைவர் கதிரையும் நம்ம மாவட்டத்து அரசியல்வாதிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, ஆறுதலாக வாசியுங்கள்.

"அரசியலில் இருந்த ஆளைத் தலைவராகப் போட்டால்தான் காரியம் நடக்கும்." நம்ம பக்கத்து விளையாட்டுக் கழகக் கூட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. தேர்தலில் தோற்ற பிரதேச சபை உறுப்பினர், முன்னாள் மாகாண சபை உறுப்பினர் என்று யாராவது ஒருவருடைய பேர் வரும். அவருக்கு கொழும்பில் ஆள் தெரியும், ஒரு கோல் எடுத்தால் டோசர் வரும், கிரவுண்ட் மட்டமாகும் என்பார்கள். எதிர்க்கட்சிக்கார இளைஞர்கள் உடனே எழும்பி "விளையாட்டுக்குள் அரசியல் வேண்டாம்" என்பார்கள். அதோடு கூட்டம் தேத்தண்ணியில் முடியும்.

நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். அதனால் இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதைப் பழைய கதையில் தேடிப் பார்த்தேன். தூரம் போகத் தேவையிருக்கவில்லை. இலங்கையில் இந்தக் கேள்விக்கு ஆகப் பெரிய உதாரணம் நம்ம நுவரெலியா மாவட்டத்து அரசியல்வாதிதான்: காமினி திசாநாயக்க.

பெரியவர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். 1977 தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. முதலாவதாக காமினி வந்தார், இரண்டாவது அனுர பண்டாரநாயக்க, மூன்றாவது சௌமியமூர்த்தி தொண்டமான். லங்கா ஜாதிக தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் காமினிதான் தலைவர். மகாவலி அமைச்சரும் அவரே. பூண்டுலோயாவில் இருக்கிற நமக்கு கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. தண்ணீர் வற்றுகிற காலத்தில் கடதொர விகாரையின் மிச்சம் வெளியே தெரியும்போது, அதற்குக் கீழே எத்தனை வயலும் வீடும் போனது என்று ஒவ்வொரு முறையும் பேசுகிறோம். அந்த அணையும் அவர் அமைச்சராக இருந்தபோது கட்டப்பட்டதுதான்.

இந்த மனிதர் 1981இல் இலங்கை கிரிக்கெட் சபைக்குத் தலைவரானார். அப்போது வயது 39.

அதற்கு முன்பும் அந்தக் கதிரை அரசியலுக்கு அந்நியமானதல்ல. 1948இல் சபையின் முதல் தலைவராக இருந்தவர் பி. சரவணமுத்து. அவர் தமிழர், அரச அதிகாரி, அரசியல்வாதி அல்ல. கொழும்பில் பி. சரா ஓவல் என்கிறோமே, அது அவர் பேரில் உள்ள மைதானம்தான். பிறகு ஐம்பதுகளில் ஜே.ஆர். ஜெயவர்த்தன அந்தப் பதவியில் இருந்தார். டி.எஸ். சேனாநாயக்கவின் மகன் ரொபர்ட் சேனாநாயக்க நீண்ட காலம் இருந்தார். ஆனாலும் அந்தக் காலத்து கிரிக்கெட் சபை என்பது சில கொழும்புக் கழகங்களின் சங்கம் மாதிரி. பணமும் கிடையாது, பெரிய அதிகாரமும் கிடையாது.

1981இல் இலங்கைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், டெஸ்ட் அந்தஸ்து. 1965இலிருந்து நாம் ஐ.சி.சி.யில் இணை அங்கத்தவர் மட்டும். 1979 உலகக் கிண்ணத்தில் இந்தியாவைத் தோற்கடித்தோம், அதே ஆண்டு ஐ.சி.சி. கிண்ணத்தையும் வென்றோம். ஆட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஐ.சி.சி.யில் இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. அந்த இரண்டுக்கும் அப்போது வீட்டோ அதிகாரம் இருந்தது. அவர்களைச் சம்மதிக்க வைப்பது மட்டை பிடிக்கத் தெரிந்தவனின் வேலையா, அரசியல்வாதியின் வேலையா? வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பது போன்ற வேலை அது. மைதானம் கட்டுவோம், அரசாங்கம் பின்னால் நிற்கும் என்று ஒருவர் வாக்குறுதி கொடுக்க வேண்டும். கொடுக்கிறவருடைய சொல்லுக்குப் பெறுமதி இருக்க வேண்டும். மகாவலி போன்ற பெரிய அமைச்சை வைத்திருந்தவர் சொன்னால் நம்புவார்கள். 1981 ஜூலை 21ஆம் திகதி இலண்டனில் இலங்கைக்கு முழு அங்கத்துவம் கிடைத்தது. 1982 பெப்ரவரி 17இல் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் தொடங்கியது, அதே பி. சரா ஓவலில்.

இதைச் செய்து முடித்தவர் காமினிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1989 வரை தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் சபைக்கு சொந்தத் தலைமையகம் வந்தது, அஸ்கிரிய மைதானம் டெஸ்ட் மைதானமானது. 1985இல் இந்தியாவைத் தோற்கடித்து முதல் டெஸ்ட் வெற்றியும் வந்தது.

ஆனால் இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. 1981 ஜூன் முதலாம் திகதியை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த நேரம். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக அப்போது யாழ்ப்பாணத்தில் போய் நின்ற அமைச்சர்களில் காமினியும் ஒருவர், மற்றவர் சிறில் மத்தியூ. அவருடைய பொறுப்பு எவ்வளவு என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. ஏறத்தாழ ஏழு கிழமைக்குப் பிறகு இலண்டனில் டெஸ்ட் அந்தஸ்து. கிரிக்கெட் புத்தகங்களில் ஒரு திகதி இருக்கும், மற்றப் புத்தகங்களில் மற்றத் திகதி இருக்கும், இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அரசியல்வாதியை விளையாட்டுக்குக் கொண்டுவந்தால் அவருடைய முழு அரசியலும் கூட வரும். தொலைபேசி இலக்கங்களை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது.

இன்னொன்று நம்ம வயிற்றெரிச்சல். எட்டு வருஷம் சபைத் தலைவர், மாவட்டத்தின் பெரிய அமைச்சர், தோட்டத் தொழிற்சங்கத்தின் தலைவர், மூன்றும் ஒரே ஆள். மைதானம் எங்கே போனது? கண்டி அஸ்கிரியவுக்கு. அது அவர் படித்த திரித்துவக் கல்லூரியின் மைதானம். நுவரெலியா மாவட்டத்தில் இன்றைக்கும் ஒரு சர்வதேச கிரிக்கெட் மைதானம் கிடையாது. அந்தக் காலத்தில் தோட்டத்து மக்களில் பெருந்தொகையானவர்கள் நாடற்றவர்கள், வாக்கும் இல்லை. வாக்கில்லாத பிள்ளைக்கு மைதானம் கேட்க யார் இருக்கிறார்? முரளிதரன் நம்ம வம்சாவளிதான், பெருமைதான். ஆனால் அவர் வந்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி வழியாக. லயத்துப் பாடசாலையிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்குப் போகும் பாதை அன்றும் போடப்படவில்லை. பிறகு உலகக் கிண்ணத்துக்காக சூரியவெவயில் கட்டினார்களே, அது ஹம்பாந்தோட்டை, அப்போதைய ஜனாதிபதியின் மாவட்டம். மைதானத்துக்கு வைத்த பேரும் அவருடையதே. 2011 உலகக் கிண்ணம் முடிந்தபோது சபை பெருங்கடனில் நின்றது.

காமினிக்குப் பிறகு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: சபைத் தலைவர் என்றால் அதிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ளவராக இருக்க வேண்டும். லக்ஷ்மன் ஜயக்கொடி, டைரன் பெர்னாண்டோ என்று அரசியல்வாதிகள் வந்தார்கள். வேலை மட்டும் மாறிவிட்டது. டெஸ்ட் அந்தஸ்து கையில் வந்தாயிற்று. இனித் தேவைப்பட்டது ஒப்பந்தம் போடவும் கணக்குப் பார்க்கவும் பயிற்சியாளரைத் தேடவும் தெரிந்த ஆள். 1995இல் கம்பெனி உலகத்திலிருந்து ஆனா புஞ்சிஹேவா தலைவராக வந்தார். டேவ் வட்மோர் பயிற்சியாளரானார். 1996 மார்ச் 17, லாகூர். மிச்சம் எல்லாருக்கும் தெரியும். கிண்ணம் வந்த அதே ஆண்டில் சபைத் தேர்தலில் புஞ்சிஹேவா தோற்றுப்போனார்! கிண்ணத்தோடு தொலைக்காட்சிப் பணமும் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தக் கதிரையின் விலை ஏறிவிட்டது என்பதே என் கணிப்பு.

1999இல் சபைத் தேர்தல் குழப்பத்தில் முடிய, விளையாட்டுத்துறை அமைச்சர் இடைக்கால நிர்வாகக் குழுவைப் போட்டார். அந்த அமைச்சர் எஸ்.பி. திசாநாயக்க, அவரும் நம்ம மாவட்டம். குழுத் தலைவர் ரியென்சி விஜேதிலக்க, ஹட்டன் நெஷனல் வங்கியின் தலைமை அதிகாரி. 1888இல் தேயிலைத் தோட்டத் துரைமாருக்காக ஹட்டனில் தொடங்கிய வங்கிதான் அது. எங்கே சுற்றினாலும் நம்ம ஊர்ப் பக்கமே வருகிறது, பாருங்கள். 2015இல் இன்னொரு இடைக்காலக் குழுவைப் போட்ட அமைச்சர் காமினியின் மகன் நவீன் திசாநாயக்க.

இதற்கெல்லாம் வழி கொடுப்பது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். சபையைக் கலைக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு, தேசிய அணிக்குக்கூட அவருடைய ஒப்புதல் வேண்டும். அதனால் சபைக்குள் அரசியல்வாதி இல்லாவிட்டாலும் வாசலில் ஒருவர் எப்போதும் நிற்கிறார். சில நேரம் உள்ளேயும் இருந்தார்கள். திலங்க சுமதிபால 2016இலிருந்து 2018 வரை சபைத் தலைவராக இருந்தபோது பாராளுமன்றத்தில் பிரதி சபாநாயகரும் அவர்தான். 2017இல் சொந்த மண்ணில் சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரைத் தோற்றோம், இந்தியாவிடம் மூன்று வகை ஆட்டத்திலும் சேர்த்து ஒன்பதுக்கு பூச்சியம். அதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் கேள்வி கேட்க எழும்பினால், அக்கிராசனத்தில் உட்கார்ந்திருப்பவர் அவராகவே இருக்கலாம்.

"அரசியலில் இருப்பவர் வேண்டாம், விட்டு வந்தவர் பரவாயில்லையே" என்று கேட்பீர்கள். அர்ஜுன ரணதுங்கவைப் பாருங்கள். 1996 கிண்ணத்தின் தலைவர், மெல்போர்னில் முரளிக்காக நின்றவர், விளையாட்டு அறிவில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2008இல், பாராளுமன்ற உறுப்பினராக இருந்த நேரத்தில், இடைக்காலக் குழுத் தலைவரானார். 2009இல் வீரர்கள் இங்கிலாந்து போவதா, ஐ.பி.எல். போவதா என்ற சண்டையில் சுற்றுப்பயணத்தின் பக்கம் நின்றார். வீரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அரசாங்கம் வீரர்களின் பக்கம் சாய்ந்தது. கடைசியில் இங்கிலாந்துக்குப் போனது மேற்கிந்தியத் தீவுகள். போட்ட அமைச்சரே 2008 முடிவதற்குள் அவரை நீக்கிவிட்டார். பிறகு 2023. மும்பையில் 55 ஓட்டத்துக்குச் சுருண்டு நான்கு நாளில், நவம்பர் 6ஆம் திகதி, அமைச்சர் ரொஷான் ரணசிங்க சபையைக் கலைத்து அர்ஜுன தலைமையில் குழு போட்டார். அப்போது அவர் முன்னாள் அமைச்சர், பாராளுமன்றத்தில் இல்லை. மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பத்தாம் திகதி ஐ.சி.சி. இலங்கையை இடைநிறுத்தியது. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. 27ஆம் திகதி அமைச்சரின் பதவியும் போனது. தடை நீங்கியது 2024 ஜனவரி 28இல். அர்ஜுனவின் நேர்மையை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அமைச்சரின் கையெழுத்தில் வந்தவருக்கு அந்தக் கையெழுத்து செல்லாத நாளில் நிற்க இடமில்லை.

சரி, உலகத்தில் யாருமே சரியாகச் செய்யவில்லையா? இங்கிலாந்தில் செபஸ்டியன் கோ இருக்கிறார். 1980லும் 1984லும் ஒலிம்பிக் 1500 மீற்றர் தங்கம், 1992இலிருந்து 1997 வரை பாராளுமன்ற உறுப்பினர், பிறகு தேர்தலில் தோற்றார். இலண்டன் 2012 ஒலிம்பிக்கை வென்றெடுக்கும் வேலையை அவர் தலைமையில் செய்தார்கள். காமினி 1981இல் செய்ததும் அதே வகை வேலைதான். ஆனால் ஒலிம்பிக் கிடைத்த பிறகு என்ன செய்தார்கள்? கோவைத் தலைவராக வைத்துக்கொண்டு, பிரதம நிறைவேற்று அதிகாரியாக போல் டெய்ட்டன் என்ற வங்கி நிர்வாகியை அமர்த்தினார்கள். கதவைத் தட்ட ஒருவர், கணக்கைப் பார்க்க இன்னொருவர். இந்தியாவில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் லோதா குழுவின் பரிந்துரையை ஏற்று, அமைச்சர்கள் கிரிக்கெட் வாரியத்தில் பதவி வகிக்க முடியாது என்றது. பதவியிலிருக்கும் அமைச்சருக்குத்தான் அந்தத் தடை, முன்னாளுக்கு இல்லை.

ஆகவே நம்ம கழகங்களுக்கு என் யோசனை சின்னது. முன்னாள் உறுப்பினருக்குக் கொழும்பில் ஆள் தெரியும் என்பது உண்மையென்றால் அதை வீணாக்க வேண்டாம். அவரைப் போசகராகப் போடுங்கள். டோசருக்குக் கோல் எடுக்கட்டும், தோட்ட நிர்வாகத்திடம் காணி எழுத்தில் வாங்கித் தரட்டும். காசோலையில் கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்க வேண்டாம். தலைவரையும் பொருளாளரையும் அடுத்த வருஷக் கூட்டத்தில் பயமில்லாமல் மாற்றக்கூடிய ஆட்களாகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். கணக்கறிக்கையை வாசிக்கும் நேரத்தில் தேத்தண்ணி பரிமாறுவதையும் கொஞ்சம் நிறுத்துங்கள், ஒருவருக்கும் ஒன்றும் கேட்பதில்லை.

1983 ஏப்ரலில் அஸ்கிரியவில் அவுஸ்திரேலியாவோடு முதல் டெஸ்ட் நடந்தபோது இங்கிருந்து பஸ் பிடித்துப் போன பெரியவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.