கெண்ட் பலிபீட ஓவியம் பிறந்த கதை

பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலுள்ள புனித பாவோ பேராலயம் 600 ஆண்டுகளுக்கு முன்பு புனித யோவான் பெயரால் விளங்கிய ஒரு பங்குக் கோயில். அங்கே ஒரு சிற்றாலயத்துக்குப் பொருள் கொடுத்தவர் யோடோகஸ் வெய்ட். ஊரின் பெரும் செல்வர், பின்னாளில் நகர நிர்வாகத்தின் தலைமைக்கே வந்தவர். மனைவி எலிசபெத் போர்லூட்டும் பேர்பெற்ற குடும்பத்துப் பெண். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

தங்கள் காலத்துக்குப் பிறகு தங்கள் ஆன்மாவுக்காக வேண்ட யார் இருப்பார்கள் என்ற ஏக்கம்தான் கெண்ட் பலிபீட ஓவியத்தின் முதல் விதை என்று எனக்குத் தோன்றுகிறது. 1435இல் அந்தச் சிற்றாலயத்தில் நாள் தவறாமல் திருப்பலி நடக்கும்படி அவர்கள் நிதி எழுதிவைத்தார்கள். நம்மூர்க் கோயில்களில் கட்டளை எழுதிவைப்பது போன்ற ஏற்பாடு. அந்தச் சிற்றாலயத்தின் பலிபீடத்துக்கென்றே செய்வித்த ஓவியம் இது.

வேலையைத் தொடங்கியவர் ஹியூபெர்ட் வான் எய்க். 1426இல் அவர் இறந்துபோனார். பணி தம்பி யானின் கைக்கு வந்தது. யான், பர்கண்டிக் கோமகன் பிலிப்பின் அரசவை ஓவியர். கோமகனுக்காகப் போர்ச்சுகல் வரை தூது போய்த் திரும்பியவர். தென்னாட்டு மரங்களை இந்த ஓவியத்தில் அவ்வளவு துல்லியமாக வரைய முடிந்ததற்கு அந்தப் பயணமே காரணமாக இருக்கவேண்டும். 1432 மே 6 அன்று ஓவியம் நிறுவப்பட்டது. ஓவியத்தின் மரச்சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் லத்தீன் வரிகள் அண்ணனையே தலைசிறந்தவர் என்கின்றன. தம்பிக்கு இரண்டாம் இடம்தான். எந்தப் பகுதி யார் கை என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

எண்ணெய் வண்ணத்தை யான்தான் கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது சரியல்ல, எண்ணெயில் வண்ணம் குழைப்பது அவருக்கு முன்பே இருந்தது. அதைக் கையாண்ட விதத்தில்தான் அவர் மேதை. ஓக் பலகைமேல் சுண்ணமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு. அதன்மேல் ஒளி ஊடுருவும்படி மெல்லிய வண்ணப் படலங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. உள்ளே போகும் வெளிச்சம் வெள்ளையில் பட்டுத் திரும்பிவருவதால் ஓவியத்திலுள்ள மரியாளின் மணிமுடிக் கற்கள் உள்ளிருந்தே ஒளிர்கின்றன.

ஓவியத்தின் பலகைகளைக் கதவுபோல் மடித்தால், மண்டியிட்டு வேண்டும் வெய்ட் தம்பதி வெளிப்பக்கத்தில் தெரிவார்கள். முதுமையையோ மருக்களையோ ஓவியர் மறைக்கவில்லை. விரித்தால் சுமார் 4.6 மீட்டர் அகலத்துக்கு விண்ணகம். நடுவே, பீடத்தின்மேல் இரத்தம் சிந்தும் இறைவனின் செம்மறி. பிற்காலத்தார் அதன் முகத்தின்மேல் வேறொரு முகத்தைத் தீட்டியிருந்தார்கள். அண்மைச் சீரமைப்பில் அதை நீக்கியபோது, நம்மை நேராகப் பார்க்கும் பழைய கண்கள் வெளிவந்தன.

பிறந்தபின் அது பட்ட பாடு தனிக்கதை. 1566இல் உருவ வழிபாட்டு எதிர்ப்பாளர்களுக்குப் பயந்து கோபுரத்தில் ஒளித்தார்கள். நெப்போலியன் காலத்தில் நடுப்பலகைகள் பாரிஸில் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் கவர்ந்துபோய் ஆஸ்திரிய உப்புச் சுரங்கத்தில் வைத்தார்கள். 1934இல் திருட்டுப்போன ஒரு பலகை இன்னும் கிடைக்கவில்லை. அதன் இடத்தில் நகல்தான் இருக்கிறது.

கெண்ட் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓவியம் இப்போது அதே பேராலயத்தின் வேறொரு சிற்றாலயத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. அதைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். வெய்ட் சிற்றாலயத்துக்கும் போய் நில்லுங்கள். அங்கே வலப்பக்கச் சன்னல் வழியாக வெளிச்சம் விழும். ஓவியத்திலும் வெளிச்சம் வலமிருந்துதான் வருகிறது.