கரையும் கண்ணாடிப் பேழையும்: பொம்பரிப்புத் தாழிகள் உணர்த்தும் வரலாறு

ஒரு நாடு தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தைப் பொருள்களால் எழுதிவைத்த நூலே அதன் தேசிய நூதனசாலை எனலாம். எப்பொருளை முன்மண்டபத்தில் வைப்பது, எதனைப் பின்னறைக்கு ஒதுக்குவது, எதற்கு எவ்விளக்கம் எழுதுவது என்பன யாவும் வரலாறு பற்றிய தீர்ப்புக்களே. ஆதலின் அங்குச் செல்லும் மாணவன் காண்போனாக மட்டுமன்றிக் கற்போனாகவும் செல்லல் வேண்டும். இக்கருத்தினைப் புத்தள மாவட்டக் கரையோரத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பு நூதனசாலை, தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் முயற்சியால் அமைந்து, 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டது. அதனைக் கட்டி முடித்தவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் ஆவர். கைம்மாறாக யாது வேண்டும் என வினவப்பட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என அவர் விடையிறுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அங்குள்ள சாசனங்களுள் தமிழ் மாணவரின் கருத்தை முதலிற் கவர்வது, 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டாகும். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோவுடன் தொடர்புடைய இக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாத்தையும் போற்றுகின்றன. இலங்கையின் துறைமுகங்களில் எம்மொழிகள் பயின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

புத்தளக் கரையின் வரலாறும் இத்தகையதே. உரோமரின் ஏடுகள் குறிப்பிடும் இப்புரோசு என்னுந் துறையைக் குதிரைமலையென அடையாளங் காண்பர் அறிஞர் சிலர். 1344இல் இலங்கை வந்த இபுன் பதூதா கரையிறங்கிய ‘பத்தால’ புத்தளமே என்பது பலரும் ஏற்கும் முடிபு. அங்கு அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்றும், அவனிடம் முத்துக்கள் குவிந்திருந்தன என்றும் அவர் எழுதியுள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை எழுப்பினர். அக்கற்பிட்டியில் 1807இல் தோன்றிய சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை பற்றிய இடவிவர அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர்தம் வரலாறுகளைத் தொகுத்துத் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலையும் வெளியிட்டார். நூதனசாலை தோன்றுமுன்னரே இக்கரை தன் வரலாற்றைத் தானே தொகுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அவர் பணியே சான்று.

இவை யாவற்றிலும் தொன்மை வாய்ந்தது பொம்பரிப்பு. கலா ஓயாவின் கழிமுகத்துக்கு அண்மையில், இன்றைய வில்பத்துத் தேசிய வனத்துள் அமைந்த இவ்வீமக்காடு 1920களில் ஓக்காட்டின் காலத்தில் ஆய்வுக்கு உள்ளாயிற்று. பின்னர் 1956, 1957ஆம் ஆண்டுகளிலும், 1970இல் விமலா பெக்லி முதலானோராலும் அகழப்பட்டது. பெருந்தாழிகளுள் மாந்தர் எலும்புகளும், கறுப்பு-சிவப்பு மட்கலங்களும், மணிகளும், செம்பு அல்லது வெண்கலத்தாலான சிறு பொருள்களும் காணப்பட்டன. உடலை நேரே புதைக்காது, பின்னர் எலும்புகளைத் திரட்டித் தாழியிலிடும் வழக்கம் இங்கு நிலவியது. ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தமையும் கருதற்பாலது.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் உளது. அங்கும் தாழிகள், அங்கும் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள். இவ்வொற்றுமையைக் கண்ட ஆய்வாளர் சிலர், தமிழகத்திலிருந்து ஒரு கூட்டத்தார் வந்து பொம்பரிப்பிற் குடியேறினர் என முடிபு செய்தனர். ஆயின் ஈண்டு ஒரு வினா எழுகின்றது. மட்கலம் கடல் கடந்தால் மக்களுங் கடல் கடந்தே வந்திருத்தல் வேண்டுமா? பழக்கவழக்கங்கள் அயலவரிடையே பரவுதலும் உண்டன்றோ? 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் திராவிடக் குடியேற்றங்களை ஆராய்ந்த பேராசிரியர் கா. இந்திரபாலா, 2005இல் வெளியிட்ட நூலில் தம் முன்னைய நிலைப்பாட்டை மாற்றினார். தென்னிந்தியாவும் இலங்கையும் ஆதியிரும்புக் காலத்தில் ஒரே பண்பாட்டுப் பிராந்தியமாக விளங்கின என்பது அவர் பின்னர் வற்புறுத்திய கருத்து. இதனை ஏற்பின், பொம்பரிப்பு மாந்தர் பிற்காலத்து எந்த ஓர் இனத்துக்கும் மட்டும் மூதாதையர் ஆகார். எழுத்தில்லாத தாழி தன்னுட் கிடப்போர் பேசிய மொழியையும் உரைப்பதில்லை.

இது வெறும் புலமை வாதம் அன்று. ‘இம்மண் யாருடையது’ என்னும் வினாவுக்குத் தாழியையும் கல்லையும் சாட்சிக்கு அழைத்து வந்த நாடு நம்முடையது. அவ்வினாவின் விலையை இக்கரை அறியும். 1990 ஒற்றோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் தஞ்சம் புகுந்தது புத்தளத்திலேயே. வில்பத்து வனமும் போரினால் 1980களின் நடுப்பகுதி முதல் இடையிட்டு மூடப்பட்டு, 2010இல் மீளத் திறக்கப்பட்டது.

பொம்பரிப்பில் அகழ்ந்த எலும்புகளும் கலங்களும் கரையை விட்டு நீங்கி ஆய்வுகூடங்களையும் நூதனசாலைகளையும் அடைந்தன. பேணுதற்கு அது இன்றியமையாததே. ஆயினும் பேழையினுள் வைத்த தாழியில் ஆற்றின் கழிமுகமும், எதிரேயுள்ள வளைகுடாவும் தோன்றா. அவை தோன்றாதவிடத்து, இருகரையையும் இணைத்த கடலை மறந்து, தாழியை ஒரு கரைக்கே உரியதாகக் கொள்ளல் எளிதாகிவிடும். ஆதிச்சநல்லூரில் 2023இல் அகழ்குழிகளின் மேற் கண்ணாடி பதித்து, கண்டெடுத்த இடத்திலேயே தாழிகளைக் காணச் செய்துள்ளனர். பொம்பரிப்பிலும், வனத்துக்கு ஊறு நேராவண்ணம், அத்தகைய முயற்சி ஒன்று ஆராயப்படுதல் தகும்.

அதுகாறும் மாணவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோர் புத்தளக் கரைக்குஞ் செல்க. ஒவ்வொரு பேழையின் முன்னும் நின்று, இப்பொருள் எவ்விடத்தில், எவராற் கண்டெடுக்கப்பட்டது, இவ்விளக்கம் எச்சான்றின்மேல் எழுதப்பட்டது என வினவுக. சான்று கூறும் அளவுக்கு மேற் கூறாதிருத்தலே வரலாற்று மாணவர் இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் ஆற்றவேண்டிய கடனாகும்.