சாட்டை குழாய்க்குள்ள இருக்கு: ஒடுகத்தூரிலிருந்து ஒரு துப்பாக்கி வரலாறு

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் போயிருந்தேன். வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா, ஜவ்வாது மலை அடிவாரம். வெள்ளிக்கிழமைன்னா அங்க ஆட்டுச் சந்தை. விடியறதுக்கு முன்னாடியே கூட்டம் சேர்ந்துடும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கமிருந்து மலைக்காரங்களும் இறங்கி வருவாங்க. டீக்கடை பெஞ்சில பக்கத்துல உட்கார்ந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். அவரோட அப்பா காலத்துல பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். "தூரத்துல இருக்கறதை அதுல அடிக்க முடியாதுப்பா. கிட்ட வரணும். தள்ளி நின்னா குண்டு அது இஷ்டத்துக்குப் போகும்"னார்.

அது ஏன் அது இஷ்டத்துக்குப் போகுது? இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பம்பரம் விட்டிருப்பீங்க. வேகமா சுத்துற வரைக்கும் ஆணியில நிக்கும், வேகம் குறைஞ்சா தலை ஆடும், அப்புறம் சாயும். தோட்டாவும் அப்படித்தான். உருண்டைக் குண்டுக்கு முன் பின் கிடையாது, அதனால கவிழ்றதுங்கிற பிரச்னையே இல்ல. ஆனா வழவழப்பான குழலுக்குள்ள இங்கயும் அங்கயும் தட்டிட்டு வெளிய வரும்போது கன்னாபின்னான்னு ஒரு சுழற்சி கிடைக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு பக்கம். ஸ்பின் பவுலர் தனக்கே தெரியாம பந்து போடுற மாதிரி. இதுக்குத் தீர்வு, குழலுக்குள்ள போல்ட் மரை மாதிரி சாய்வாப் பள்ளம் வெட்டுறது. ஈயம் அந்தப் பள்ளத்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிக்கிட்டே வெளிய வரும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று, அதுதான் ட்விஸ்ட் ரேட்.

இப்போ விஷயம் சூடு பிடிக்குது. ரொம்ப தூரம் போகணும்னா கனமான குண்டு வேணும். குழலோட அகலம் மாறாம கனத்தைக் கூட்டணும்னா ஒரே வழி, குண்டை நீளமாக்கணும். நீளமான குண்டோட மூக்கைக் காற்று தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். அதனால நீளம் கூடக் கூட சுழற்சியும் கூடணும். இதை 1879-ல் ஒரு சூத்திரமா எழுதினவர் வூல்விச்சில் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில். குண்டு தன் அகலத்தைப்போல எத்தனை மடங்கு நீளமோ, அந்த எண்ணால் 150-ஐ வகுக்கணும். வர்ற விடை, எத்தனை குழல் அகலத்துக்கு ஒரு சுற்றுங்கிறது. மூணு மடங்கு நீளம்னா 50 அகலம், நாலு மடங்குன்னா 37.5. அவ்வளவுதான். நான் எழுதுற கோடு எதுவும் இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல.

ஆனா சூத்திரத்துக்கு முன்னாடியே ஆட்கள் தடவித் தடவிக் கண்டுபிடிச்சுட்டாங்க. 1853 மாடல் என்ஃபீல்டை எடுத்துக்குங்க. 0.577 அங்குலக் குழல், கிட்டத்தட்ட 34 கிராம் குண்டு, 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலே 39 அங்குலம்தான். அதாவது குண்டு வெளிய வரும்போது அரைச் சுற்றுதான் முடிச்சிருக்கும். குட்டையான குண்டு, போதும். ஜோசப் விட்வொர்த் அதே எடையை 0.451 அங்குலத்துக்கு ஒல்லியாக்கினார். குண்டு நீண்டது. ட்விஸ்ட்டை 20 அங்குலத்துக்கு இறக்கினார். 1857-ல் நடந்த சோதனைகள்ல என்ஃபீல்டைத் தூக்கிச் சாப்பிட்டது அது. விலை அதிகம், கரி சீக்கிரம் அடைக்குதுன்னு சொல்லி ராணுவம் வேண்டாம்னுடுச்சு.

1857. ஆமா, அதே வருஷம்தான்.

என்ஃபீல்டு குண்டு பள்ளத்தைப் பிடிக்கணும், அதேசமயம் வாய்ப்பக்கமா சுலபமா உள்ள இறங்கவும் வேணும். அதனால குண்டைச் சுற்றின காகிதத்துக்குக் கொழுப்பு தடவினாங்க. அந்தக் காகிதத்தைப் பல்லால் கடிச்சுப் பிரிக்கிறதுதான் பயிற்சி. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்புன்னு டம்டம்ல பேச்சுக் கிளம்பினது அந்த வருஷம் ஜனவரியில. கலகத்துக்குக் காரணம் கொழுப்பு மட்டும் இல்ல, அது தனி எபிசோட். ஆனா அந்தக் கொழுப்பு அங்க வந்ததே மரைக் குழலால. (ஒடுகத்தூர்ல இருந்து பக்கத்துல இருக்குற வேலூர்க் கோட்டையில 1806-ல் சிப்பாய்கள் கிளம்பினப்போ பிரச்னை தலைப்பாகையில இருந்த தோல். கம்பெனி 51 வருஷத்துல பெருசா எதுவும் கத்துக்கல.)

கலகம் அடங்கினதும் பிரிட்டிஷ்காரங்க செஞ்சதுதான் என்னை உட்கார வச்சு யோசிக்க வச்சது. இந்தியச் சிப்பாய்களுக்காகவே 1858 மாடல்னு ஒண்ணு செஞ்சாங்க. பார்க்க அப்படியே என்ஃபீல்டு. ஆனா குழலை 0.656 அங்குலத்துக்குக் கடைஞ்சு, மரையே இல்லாம வழவழன்னு விட்டுட்டாங்க. தூரத்துக்கு ஏத்தி இறக்குற பின் குறியையும் எடுத்துட்டு ஒரு கட்டையை மாட்டினாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு தொழில்நுட்பத்தை வேணும்னே டவுன்கிரேடு பண்ணி, வெளிய மட்டும் அதே மாதிரி வச்சுக் கொடுக்கிறது. திரும்பவும் கலகம் வந்தா வெள்ளைக்காரப் படை தூரத்துல நின்னே சுடலாம், சிப்பாய் கிட்ட வந்தாகணும். கலகத்துல பெரும்பாலும் சேராத மெட்ராஸ் படைக்கும் சேர்த்துத்தான் இந்தச் சந்தேகம். அப்புறமும் பல வருஷம், வெள்ளைக்காரங்க கையில புது மாடல், சிப்பாய் கையில அதுக்கு முந்தினது.

அடுத்து லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம். இந்தியர்னா லைசென்ஸ் வேணும், ஐரோப்பியருக்கு விலக்கு. குடகர்களுக்கும் விலக்கு இருந்தது, அது வேற கதை. இதுக்கிடையில தொழில்நுட்பம் எங்கயோ போயிடுச்சு. 1888-ல் வந்த லீ-மெட்ஃபோர்டில் 14 கிராம் எடையுள்ள, ஒல்லியா நீண்ட 0.303 குண்டு, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டா விநாடிக்கு 2,400 சுற்றுக்கு மேல வருது. உங்க பழைய ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 தான். 1907 வாக்குல 0.450 குழல் வேட்டை ரைஃபிள்களையே இந்தியாவுல தடை பண்ணினாங்க. ராணுவத் தோட்டா மக்கள் கைக்குப் போய்டக் கூடாதுன்னு பயம். லண்டன் கம்பெனிங்க அதுக்காகவே 0.470, 0.465னு புது அளவுகளைக் கொண்டு வந்து சாகிப்களுக்கு வித்தாங்க.

நம்ம மலைக்கு வருவோம். ஜவ்வாதுக்குப் பக்கத்து மலை ஏலகிரி. அங்க ஆளடிச்ச சிறுத்தையைப் பத்தி எழுதியிருக்கார் பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். அவர் கையில இருந்தது வின்செஸ்டர் 1895, 0.405 குழல், 19 கிராம் குண்டு, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதே காட்டுல மலையாளிக் குடிகள் கையில குழாயும் கரிமருந்தும் ரவையும். மரை கிடையாது. காட்டை அவங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனா தடம் காட்டிக் கூட்டிட்டுப் போறது அவங்க, தூரத்துல நின்னு சுடுறது துரை. திறமை வித்தியாசம்னு ரொம்ப நாள் நானும் நெனச்சிருந்தேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோட வேட்டைக் கதை முடிஞ்சது. அது முடிஞ்சது நல்லதுதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் இன்னைக்கும் மலையில அப்பப்போ அறிவிப்புக் கொடுக்குது.

இதையெல்லாம் பெரியவர்கிட்டயும் பம்பரத்தை வச்சுத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்போ வெள்ளைக்காரன் துப்பாக்கியில சாட்டை குழாய்க்குள்ளயே இருக்குதா?"ன்னார். ஆமாங்க ஐயான்னேன். தலையாட்டிட்டு, டீ கிளாஸை வச்சுட்டு எழுந்தார். கிடாவுக்கு வியாபாரி சொன்ன விலை அவருக்குக் கட்டுபடியாகலையாம்.