தஞ்சை அரண்மனைச் சொத்து வழக்கு (1856–1862)

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபின், அரண்மனையில் இருந்த நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள், நூல்கள், படைக்கலங்கள், வீட்டுப் பொருட்கள், நிலங்கள் ஆகிய அனைத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனி 1856 அக்டோபர் 18 அன்று கைப்பற்றியது. அதை எதிர்த்து மூத்த ராணி காமாட்சி பாய் சாகேப் தொடுத்த வழக்கே தஞ்சை அரண்மனைச் சொத்து வழக்கு எனப்படுகிறது. சென்னையில் வென்ற ராணி லண்டனில் தோற்றார். பின்னர் அரசு தானாகவே சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதே காலத்தில் பறிக்கப்பட்ட வேறு பல அரண்மனைகளின் பொருட்கள் ஏலத்தில் போய்ச் சிதறின. தஞ்சையின் பொருட்களில் ஒரு பகுதி, குறிப்பாக நூலகம், அதே ஊரில் தங்கியதற்கு இவ்வழக்கும் அதைத் தொடர்ந்து வந்த அரசாணையும் முக்கியக் காரணங்கள்.

அரண்மனையும் அதன் பொருட்களும்

இரண்டாம் சரபோஜி 1799 அக்டோபரில் கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்தின்படி நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்குப் போனது. கோட்டையும் அரண்மனையும் மட்டும் மன்னரிடம் மிஞ்சின. ஆண்டுக்கு ஒரு லட்சம் பொன்னும் (நட்சத்திர வராகன்), நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்குத் தரப்பட்டன. அந்த ஐந்தில் ஒரு பங்கு, காவிரிப் படுகையின் நெல்லிலிருந்து வந்த பணம். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அணைகள் கட்டிப் பாசனம் சீரானபோது, வருவாய் கூடினால் மன்னரின் பங்கும் கூடும் என்ற நிலை இருந்தது. ஆள நாடில்லாத ஒரு மன்னர் குடும்பத்திடம் இவ்வளவு பொருள் சேர்ந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை இதுதான்.

சரபோஜி அந்தப் பணத்தைப் படைக்குச் செலவிட முடியாது. ஆகவே நூல்களும் கருவிகளும் வாங்கினார். சுவடிகளோடு ஐரோப்பிய மொழி நூல்களும் சரசுவதி மகாலில் குவிந்தன. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய சரபோஜியின் சலவைக்கல் சிலை இன்றும் தஞ்சை அரண்மனையில் நிற்கிறது. 1826இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர், லவாய்சியே, லின்னேயஸ் போன்றோரின் பெயர்களைச் சர்வசாதாரணமாக எடுத்துப் பேசும் மன்னரைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அரண்மனையின் அன்றாட வரவு செலவு மோடி எழுத்தில் மராத்தியில் எழுதப்பட்டது. அந்த ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது. அரண்மனைப் பொருட்களின் வரலாற்றை அறிய விரும்பும் மாணவர்கள் ஆங்கிலேயர் குறிப்புகளை மட்டும் நம்பாமல் முதலில் அவற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1855 அக்டோபர்

அந்த ஒரே மாதத்தில் தமிழ்நாட்டின் இரண்டு அரச குடும்பங்கள் முடிவுக்கு வந்தன. அக்டோபர் 7 அன்று சென்னையில் ஆற்காட்டு நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி இறந்தார். அக்டோபர் 29 அன்று தஞ்சையில் சிவாஜி இறந்தார். நவாபின் சேப்பாக்கம் அரண்மனை பின்னர் கடனுக்காக ஏலத்திற்கு வந்தது. அதை எடுத்தது சென்னை அரசே. நாட்டை எடுத்துக்கொண்டவர்களே கடன்காரர்களுக்காக நடந்த ஏலத்தில் வீட்டையும் எடுத்தார்கள்.

ஏலம் என்ற சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. இது போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. அலமாரி, சாவி, மேசை ஆகிய சொற்களும் அவ்வாறு வந்தவையே. நாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் போர்த்துக்கீசியர் வணிகம் செய்த காலத்தின் மிச்சங்கள் இவை. பொருளை வைக்கும் பெட்டகத்தின் பெயரும், அதைத் திறக்கும் கருவியின் பெயரும், அப்பொருளைக் கூவி விற்கும் முறையின் பெயரும் ஒரே கப்பலில் வந்து இறங்கியதுபோலத் தோன்றுகிறது.

தஞ்சையில் சிவாஜிக்குப் பல மனைவியரும் இரண்டு மகள்களும் இருந்தனர். மகளுக்குப் பட்டம் தரலாம் என்று ரெசிடென்ட் போர்ப்ஸ் பரிந்துரைத்தார். கம்பெனி இயக்குநர்கள் அதை ஏற்கவில்லை. தஞ்சை அரசு முடிந்துவிட்டது என்று 1856 ஏப்ரலில் லண்டனிலிருந்து முடிவு வந்தது. இதை டல்ஹௌசியின் கணக்கில் மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் அவர் அதற்கு முன்பே, பிப்ரவரி இறுதியில், பதவியை விட்டு விலகிவிட்டார். முத்திரை வைக்கப்பட்டது கானிங்கின் காலத்தில்.

நாக்பூரின் முன்னுதாரணம்

தஞ்சை ராணிகள் எதற்கு அஞ்சினார்கள் என்பது விளங்க வேண்டுமானால் நாக்பூரைப் பார்க்க வேண்டும். 1854இல் நாக்பூரின் போன்ஸ்லே அரசைக் கம்பெனி இணைத்துக்கொண்டது. அரண்மனையின் யானைகள், குதிரைகள், மாடுகள் எல்லாம் சீதாபல்டியில் அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டன. நகைகளும் விலையுயர்ந்த பொருட்களும் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு, ஹாமில்டன் கம்பெனி என்ற நகை வணிக நிறுவனத்தின் மூலம் ஏலம் விடப்பட்டன. விற்ற பணம் போன்ஸ்லே குடும்பத்தின் பராமரிப்பு நிதிக்குத்தான் என்று அரசு விளக்கம் சொன்னது.

அந்த விளக்கம் கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் வெள்ளிக் குடமும் கழுத்தணியும் ஏலத்தில் வெறும் எடைக்கும் கல்லின் மாற்றுக்கும் மதிப்பிடப்படும்போது, அவை யாருடையவை, எங்கே செய்தவை என்ற செய்தி அழிந்துவிடுகிறது. வாங்கியவர் உருக்கினாலும் கேட்பாரில்லை. நாக்பூர் அரண்மனையின் பொருட்களை இன்று அடையாளம் காண்பது மிகக் கடினம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்திலும் இப்படித்தான் நடந்தது. திப்புவின் பொன் சிம்மாசனம் துண்டுதுண்டாக உடைக்கப்பட்டுப் படையினருக்குப் பங்கிடப்பட்டது. அதிலிருந்த புலித்தலைகள் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒவ்வொன்றாக லண்டன் ஏலக்கூடங்களில் தலைகாட்டுகின்றன. 2023இல் திப்புவின் படுக்கையறை வாள் ஒன்று லண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல் போனது.

கைப்பற்றலும் வழக்கும்

1856 அக்டோபர் 18 அன்று, இப்போது கமிஷனராக இருந்த அதே போர்ப்ஸ், படையோடு தஞ்சை அரண்மனைக்குள் நுழைந்தார். அறைகள் பூட்டப்பட்டு முத்திரை வைக்கப்பட்டன. காவல் போடப்பட்டது. ஓராண்டுக்கு முன் மகளுக்கு அரசுரிமை தரலாம் என்று எழுதிய கை, இப்போது பூட்டின்மேல் அரக்கு வைத்தது. அதிகாரியின் சொந்தக் கருத்துக்கும் அவர் நிறைவேற்றிய ஆணைக்கும் இடையே இருந்த தூரத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

காமாட்சி பாய் சென்னை உச்சநீதிமன்றத்தில் (அன்றைய கம்பெனி ஆட்சிக் கால நீதிமன்றம்) வழக்குத் தொடுத்தார். அவருடைய வாதம் எளிமையானது. பட்டம் போனது போகட்டும். ஆனால் கணவரின் சொந்தச் சொத்து இந்து முறைப்படி மனைவிக்கும் குடும்பத்திற்கும் உரியது. அரசு இல்லாமல் போனதால் வீட்டுப் பொருளும் இல்லாமல் போய்விடுமா? சென்னை நீதிமன்றம் இதை ஏற்று ராணிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலில் மேல்முறையீடு செய்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 1857 கிளர்ச்சி வந்து, கம்பெனி ஆட்சி முடிந்து, அரசியின் ஆட்சி தொடங்கியது. அதனால் வழக்கின் பெயரில் கம்பெனியின் இடத்திற்கு இந்தியாவுக்கான அமைச்சர் வந்தார். 1859 ஜூலையில் கிங்ஸ்டவுன் பிரபு தீர்ப்பு வழங்கினார். கம்பெனி இங்கே சட்ட உரிமை கோரும் ஒரு வணிக நிறுவனமாக நடக்கவில்லை, இறையாண்மை கொண்ட ஓர் அரசாக இன்னோர் அரசின் சொத்தைக் கைப்பற்றியது. அது அரசுச் செயல். அரசுச் செயலை எந்த உள்நாட்டு நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. அது நியாயமா, அநியாயமா என்று கருத்துச் சொல்லும் உரிமைகூட இம்மன்றத்திற்கு இல்லை. தீர்ப்பின் சாரம் இதுவே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொருட்கள் ராணிக்குச் சொந்தமல்ல என்று பிரிவி கவுன்சில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையே எடுக்கமாட்டோம் என்றுதான் சொன்னது. இந்தத் தீர்ப்பு அரசுச் செயல் கோட்பாட்டின் அடிப்படை வழக்காகச் சட்ட நூல்களில் இடம்பெற்றது. விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் இணைந்தபோது எழுந்த வழக்குகளில் இந்திய உச்சநீதிமன்றமும் இதை மேற்கோள் காட்டியிருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் பலர் இன்றும் காமாட்சி பாயின் பெயரை ஆங்கிலேயர் சிதைத்து எழுதிய எழுத்துக்கூட்டலில்தான் அறிவார்கள்.

1862 ஆணை

வென்ற அரசு, வென்றதைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. 1862 ஆகஸ்ட் 21 தேதியிட்ட ஆணையின் மூலம் சென்னை அரசு தனிச் சொத்தை ராணிகளுக்குத் திருப்பியளித்தது. மூத்த ராணி நிர்வகிக்க வேண்டும், மற்ற ராணிகளுக்கும் அனுபவத்தில் பங்கு உண்டு, கடைசி ராணி இறந்தபின் மகளுக்கு, அவர் இல்லையெனில் அடுத்த வாரிசுகளுக்குப் போகும் என்பது ஏற்பாடு.

கிளர்ச்சிக்குப் பின் அரச குடும்பங்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் இதில் வேலை செய்திருக்க வேண்டும். எப்படியானாலும், திரும்பி வந்தது உரிமையாக வரவில்லை, கொடையாக வந்தது. இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டல்ல. உரிமையாக வந்திருந்தால் வாரிசு யாரென்பதைச் சாத்திரம் மட்டுமே சொல்லியிருக்கும். கொடையாக வந்ததால், ஆணையின் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று குடும்பத்தினரே ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1868இல் ஜீஜாம்பா பாய்க்கும் காமாட்சி பாய்க்கும் இடையிலான வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் முடிவானது. கடைசி ராணி 1912இல் மறைந்தபின், கோலாப்பூர் மகாராஜாவும் வாரிசுரிமை கோரி வந்தார். அந்தச் சண்டை 1920களின் நடுப்பகுதி வரை நீண்டது.

வழக்குக்கு இடையே ஒரு நல்ல காரியம் நடந்தது. சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுச் சொத்தாக்கப்பட்டது. அதன் வடமொழிச் சுவடிகளுக்கு 1880இல் பட்டியல் வெளியிட்ட பர்னெல், தஞ்சையில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். சுவடிகள் மட்டும் கல்கத்தாவுக்கோ லண்டனுக்கோ ஏலத்திற்குப் போயிருந்தால் அந்தப் பட்டியலுக்கே இடமிருந்திருக்காது.

வெள்ளி வேலையின் தொடர்ச்சி

அரண்மனை ஆதரவு நின்றபின் தஞ்சைக் கம்மியர்கள் புதிய வாடிக்கையாளர்களைத் தேடினர். பித்தளை அல்லது செம்புத் தட்டின்மேல், அச்சில் தட்டி எடுத்த வெள்ளித் தகட்டு உருவங்களைப் பதிப்பது தஞ்சாவூர் தட்டு. உருவத்தின் உட்குழிவை அரக்கால் நிரப்பி, ஓரத்தைத் தட்டின் பள்ளத்தில் அடித்து இறுக்குவார்கள். தெய்வ உருவங்கள் நிறைந்திருப்பதால் ஆங்கிலேயர் இவ்வகை வேலையைச் 'சுவாமி வேலை' என்றார்கள். 1849இல் தொடங்கிய சென்னை பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை, சுவாமி உருவங்கள் பதித்த வெள்ளித் தேநீர்க் கோப்பை வகைகளைச் செய்து விற்றுப் புகழ்பெற்றது. 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கும் அத்தகைய பொருட்கள் பரிசாகப் போயின. தேநீர்க் குவளையின்மேல் விஷ்ணுவும் முருகனும் இருப்பது நம் கண்ணுக்குச் சற்று விபரீதம்தான். ஆனால் அந்த வேலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

இன்று லண்டன் ஏலங்களில் 'சுவாமி' வெள்ளி என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் இத்தகைய விற்பனைப் பொருட்கள், அரண்மனைப் பொருட்கள் அல்ல. விற்பவர்கள் சிலர் 'தஞ்சை அரண்மனை' என்று சேர்த்து எழுதிக்கொள்வதுண்டு. ஆவணச் சான்றில்லாமல் அதை நம்ப வேண்டியதில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது, உள்நாட்டில் வணிகம் செய்யவும் உரிமம் வேண்டும். இச்சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தஞ்சாவூர் தட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தட்டு இன்றும் தஞ்சையில் செய்யப்படுகிறது.