உழவும் அரைகல்லும்

உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். உழுவோரைப் போற்றும் மரபில் வந்த நமக்கு, உழவு மனித இனம் பெற்ற பெரும்பேறாகவே தோன்றுகிறது. காட்டில் அலைந்தவன் விதைக்கக் கற்றான், வீடு கட்டினான், வளம் பெற்றான் என்றே பள்ளியிலும் படித்தோம். அப்பேற்றுக்கு விலை கொடுத்தவர் யார் என்று நாம் கேட்டதில்லை. அவ்வினாவுக்கு விடை தருவது சிரியா நாட்டில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் உள்ள அபு ஹுரேரா என்னும் மேடு.

ஆற்றின் குறுக்கே தப்கா அணை எழுந்துகொண்டிருந்த வேளையில், 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் என்பார் தலைமையில் அங்கு அகழாய்வு நிகழ்ந்தது. பின்னர் அம்மேடு அணைநீரில் மூழ்கிற்று. மூழ்குமுன் அது வெளியிட்ட செய்திகள் பல.

சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் அங்குக் குடியேறியோர் உழவர் அல்லர். ஆண்டுதோறும் கூட்டமாக வந்த கெசல் என்னும் சிறு மான்களை வேட்டையாடினர். நூற்றுக்கு மேற்பட்ட தாவர வகைகளிலிருந்து விதையும் கனியும் திரட்டினர். உழாமலே ஊராக வாழ அவர்களால் இயன்றது. பின்னர்த் தட்பவெப்பம் மாறிக் குளிரும் வறட்சியும் மிகுந்தன. காட்டு உணவு அருகியது. அந்நெருக்கடியிலேயே அவர்கள் ரை என்னும் தானியத்தைப் பயிரிடத் தொடங்கினர் என்பர் ஆய்வாளர் சிலர். அதனை மறுப்போரும் உளர். காலப்போக்கில் அதே மேட்டில் கோதுமை, பார்லி, பருப்பு வகைகள் விளைவிக்கும் பேரூர் எழுந்தது. ஆடுகளும் வளர்க்கப்பட்டன. மாற்றம் ஒரு தலைமுறையில் நேர்ந்ததன்று.

அவ்வுழவரூரில் புதைக்கப்பட்டோரின் எலும்புகளை ஆராய்ந்தவர் தேயா மோலிசன் என்னும் அம்மையார். பலருடைய கால் பெருவிரல் மூட்டுகள் தேய்ந்து சிதைந்திருந்தன, முழங்கால்களில் அழுத்தத்தின் தடம் இருந்தது, முதுகெலும்பும் நைந்திருந்தது. இத்தகைய சிதைவு பெரும்பாலும் பெண்களின் எலும்புகளிலேயே காணப்பட்டது. தரையில் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, உடலை முன்னும் பின்னும் செலுத்தி, நம் அம்மியை ஒத்த கல்லில் நாள்தோறும் நெடுநேரம் தானியம் அரைத்ததன் விளைவே அது என்று அவர் முடிவு செய்தார். கல்துகள் கலந்த மாவை உண்டு பற்களும் தேய்ந்தன, உடைந்தன.

வேட்டை நாளிலும் அரைத்தல் உண்டு. ஆயினும் தானியமே முதன்மை உணவானபோது அது விடுபட முடியாத அன்றாடக் கடனாயிற்று. நிலம் ஊரைப் பெருக்கியது. பெருகிய ஊருக்கு மாவு வேண்டியிருந்தது. மீண்டும் காட்டு வாழ்வுக்குத் திரும்ப அத்தனை பேருக்கும் காட்டில் உணவில்லை. ஆகவே உழவைப் பேறு என்று மட்டும் கூறுதல் பாதி உண்மையே.

இன்று வடபுல நகரங்களில் வாழும் நாம், கோதுமை மாவைப் பையாக வாங்கி வருகிறோம். நம் அன்னையரும் பாட்டியரும் ஊரில் அம்மியிலும் உரலிலும் திருகையிலும் கழித்த காலைப்பொழுதுகளை நாம் கண்டிருக்கிறோம். முழங்காலைப் பிடித்தபடி அவர்கள் எழுந்ததையும் கண்டிருக்கிறோம். அன்று அதனை முதுமை என்று எண்ணினோம்.

உழவனைத் தொழுவது நம் மரபு. அவன் விளைத்ததை உணவாக்கியவளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. யூப்ரடீஸ் கரையில் அவளுக்குச் சான்றாக நின்றது ஒரு கால்விரல் எலும்பு.