அடுப்படிக்கு எவ்வளவு தொலைவு



ஓட்டல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரட்டைக் குவளை. யார் பெஞ்சில் உட்காரலாம், யார் எந்தக் குவளையில் குடிக்கலாம் என்பதற்காகவே நிறைய அடிபட்டிருக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவும் உணவகங்களுக்குள் நுழையும் உரிமையையே பேசுகிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அந்த உரிமையை மறுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. நான் பேச வந்தது சாப்பிட வந்தவரைப் பற்றி அல்ல. அங்கே வேலை பார்ப்பவரைப் பற்றி.

1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அப்போது சட்டப்படி அந்த ஓட்டலுக்குள் யாரும் போகலாம். அப்படியானால் பலகை என்ன சொன்னது? உள்ளே சமைப்பவர் யார் என்று சொன்னது. அடுப்படி வேலை இன்ன சாதிக்குத்தான் என்று வாசலிலேயே மாட்டிவைத்த ஆள்சேர்ப்பு விளம்பரம் அது. மறியலைச் சுயமரியாதை வரலாறாகப் படிக்கும் நாம், வேலையின் வரலாறாகவும் படித்தாக வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1958இல், உணவு நிறுவனங்கள் சட்டம் வந்தது. வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் வரம்பு கட்டியது. சட்டத்துக்கு எல்லோரும் தொழிலாளர்கள். ஓட்டலுக்குள்ளோ சரக்கு மாஸ்டர், சப்ளையர், கிளீனர், பாத்திரம் தேய்ப்பவர், கழிவறை கழுவுபவர் என்று படிகள். நம் ஆட்களை எந்தப் படியில் நிறுத்துவார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இலை எடுக்கும் பையன் இன்னும் கீழே. 14 வயதுக்குட்பட்டவர்களை ஓட்டல் வேலையில் வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பலகைகள் போய்விட்டன. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடம் மாற்றியதுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அரசுச் சமையலறையிலேயே இந்த நிலை என்றால், முதலாளியின் அடுப்படியில் யார் கேட்பது?

2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை உரிமை சேர்க்கப்பட்டது. நாள் முழுக்க நின்று காலில் நரம்பு சுருண்டுபோன கடை ஊழியர்களின் வேதனை அதற்குப் பின்னால் இருக்கிறது. நல்ல திருத்தம். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சப்ளையர் உட்கார்ந்திருப்பதை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? நலம் என்பதை நாற்காலியோடு நிறுத்தினால், அடுப்படியின் சாதி அப்படியே இருக்கும்.

சோழபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஓட்டல் வேலைக்குப் போனவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும். எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், எங்கே படுக்கவைத்தார்கள், எந்தத் தட்டில் சோறு போட்டார்கள், அடுப்புக்கு எவ்வளவு தொலைவில் நிறுத்தினார்கள் என்று எழுதிக் கொடுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெயர் போட வேண்டியதில்லை.